பல்லில் இழந்த சத்து திரும்புமா?

நம் சங்கத்துக் குடும்பங்கள் கூடும் இடங்களில் இப்போது அடிக்கடி எழும் கேள்வி இது. "இந்தப் பேஸ்ட் போட்டால் பல் மறுபடியும் வளருமாமே, உண்மையா சார்?" என்று ஒருவர் கேட்கிறார். "சொத்தையை அடைக்கிற சிமென்டே பல்லுக்குச் சத்துக் கொடுக்கிறதாமே!" என்கிறார் இன்னொருவர். கடைகளில் 'ரிப்பேர்' என்று பெரிதாக அச்சிட்ட ட்யூப்கள் வந்துவிட்டன. சாதாரணப் பற்பசையைவிட விலை மிகவும் அதிகம். வாங்குவதா, விடுவதா என்று தெரியாமல் தாய்மார்கள் தவிக்கிறார்கள்.

நான் பல் மருத்துவன் அல்லன். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்து, ரயில்வேயில் பாதை, பாலம் ஆகியவற்றைப் பராமரிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது கார்வேட்டிநகரத்தில் குடியிருப்பவன். ஆனால் இந்தப் புதிய பல் மருந்துகள் என்னவென்று படித்துப் பார்த்தபோது, எனக்கு நன்கு பழக்கமான பொருள்களே அங்கே நின்றன. சுண்ணாம்பு, சிமென்ட், கண்ணாடி! ஆகவே எனக்குப் புரிந்த வகையில் நம் வாசகர்களுக்கு இதைப் பாடமாகவே சொல்ல விரும்புகிறேன். சிகிச்சை பற்றிய முடிவை மட்டும் உங்கள் பல் மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

எலும்பு கூடும், எனாமல் கூடாது

எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் புத்தூர் இருக்கிறது. புத்தூர்க் கட்டு என்றால் தமிழ்நாடு முழுவதும் தெரியும். கை, கால் எலும்பு முறிந்தவர்கள் அங்கே வந்து கட்டுப் போட்டுக்கொண்டு போகிறார்கள். முறிந்த எலும்பு ஏன் கூடுகிறது? எலும்புக்குள் இரத்தம் ஓடுகிறது, உயிரணுக்கள் இருக்கின்றன. முனைகளைச் சேர்த்து அசையாமல் வைத்தால், அவை புது எலும்பைக் கட்டிவிடுகின்றன.

பல்லின் மேலுறையான எனாமல் அப்படிப்பட்டதன்று. உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் தாதுப்பொருள். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்சி அபடைட் என்னும் படிகங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டு அமைந்தது. இதைக் கட்டிய உயிரணுக்கள் பல் முளைத்து வெளியே வந்ததும் அழிந்து போகின்றன. வீட்டைக் கட்டி முடித்துவிட்டுக் கொத்தனார் ஊரைவிட்டே போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சுவர் இடிந்தால் கட்ட ஆள் இல்லை.

எனாமலுக்கு உள்ளே டென்டின் என்னும் அடுக்கு. அதற்கும் உள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள பற்கூழ். இந்தப் பற்கூழ் உயிருள்ளது. அது உயிரோடு இருக்கும் வரை டென்டினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொள்ளும் சக்தி அதற்கு உண்டு. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வாய்க்குள் நடக்கும் வரவு செலவு

கொத்தனார் போய்விட்டாலும் எனாமலுக்குப் பூச்சு வேலை செய்ய ஒருவர் இருக்கிறார். அவர்தான் உமிழ்நீர். நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் உமிழ்நீரில் கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்திருக்கின்றன.

நாம் இனிப்பு எதையாவது தின்றதும், பல்லின் மேல் படிந்துள்ள கிருமிகள் அந்தச் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. சில நிமிடங்களிலேயே பல்லின் மேல் புளிப்பு ஏறுகிறது. பி.எச். அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்கும். இது செலவு. பிறகு உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, அரை மணி முதல் ஒரு மணி நேரத்திற்குள் நிலைமையைச் சரிசெய்கிறது. போன தாதுக்களில் ஒரு பகுதி மறுபடியும் எனாமலில் படிகிறது. இது வரவு.

ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவர் வாயிலும் இந்தக் கணக்கு நடந்துகொண்டே இருக்கிறது. வரவும் செலவும் சமமாக இருக்கும் வரை பல்லுக்குக் கேடில்லை. செலவு மிகுந்தால் சொத்தை. ஆகவே எவ்வளவு இனிப்புத் தின்றோம் என்பதைவிட, எத்தனை தடவை தின்றோம் என்பது முக்கியமாகிறது. சாப்பாட்டோடு ஒரு லட்டு தின்றால் ஒரு செலவு. அதே லட்டைக் கிள்ளிக் கிள்ளிப் பகல் முழுவதும் தின்றால், உமிழ்நீருக்கு மூச்சுவிட நேரமில்லை.

நம் சித்தூர்ச் சீமையில் மாம்பழத்துக்குக் குறைவில்லை. பழமாகத் தின்பதில் பயமில்லை. ஆனால் மாம்பழச் சாற்றைச் சர்க்கரையோடு காயவைத்துச் செய்யும் தாண்ட்ரா பல் இடுக்கில் ஒட்டிக்கொண்டு வெகுநேரம் இருக்கும். வெல்லம் நல்லது, சர்க்கரைதான் கெட்டது என்று சிலர் சொல்கிறார்கள். வாய்க் கிருமிகளுக்கு அந்த வேறுபாடு தெரியாது, இரண்டையும் அமிலமாக்கிவிடும்.

வெள்ளைப் புள்ளி

சொத்தை முதலில் கறுப்பாக வருவதில்லை. ஈறு ஓரத்தில், அல்லது கடைவாய்ப்பல்லின் பள்ளத்தில், சுண்ணாம்பு தீற்றியது போல மங்கலான வெள்ளைப் புள்ளியாகத் தோன்றும். பல்லைத் துடைத்து உலரவைத்துப் பார்த்தால் நன்றாகத் தெரியும். மேற்பரப்பு இன்னும் உடையவில்லை. அதற்குக் கீழே தாதுக்கள் வெளியேறித் துளைதுளையாகி இருக்கிறது.

ரயில் பாதையில் கீமேன் என்று ஒருவர் தினமும் சுத்தியலும் ஸ்பானரும் எடுத்துக்கொண்டு தம் எல்லை முழுவதும் நடந்து பார்ப்பார். தளர்ந்த போல்ட் அவர் கண்ணில் பட்டால் அங்கேயே முறுக்கிவிடுவார். ஐந்து நிமிட வேலை. விட்டுவிட்டால் பிறகு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைப் புள்ளி அந்தத் தளர்ந்த போல்ட். இந்த நிலையில் தாதுக்களைத் திரும்ப ஏற்ற முடியும். மேற்பரப்பு உடைந்து குழி விழுந்துவிட்டால், எந்தப் பசையாலும் அந்தக் குழியை நிரப்ப முடியாது. இக்கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்க வேண்டாம்.

இனி, அந்த வரவைக் கூட்ட வந்த பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வாயில் சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு நிற்காமல், கால்சியம், பாஸ்பேட், ஃபுளோரைடு போன்றவற்றை வெளிவிட்டுப் பல்லோடு சேர்ந்து வேலை செய்வதால், இவற்றில் பலவற்றை உயிர்வினைப் பொருள்கள் என்கிறார்கள்.

ஃபுளோரைடு

வயதில் மூத்ததும் சான்றுகள் மிகுந்ததும் ஃபுளோரைடுதான். பல்லின் மேல் சிறிதளவு இருந்தால், உமிழ்நீரிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் எனாமலில் விரைவாகப் படிய அது உதவுகிறது. அப்படிப் படியும் புதுப் படிகம் பழையதைவிட உறுதியானது. பழையது பி.எச். 5.5ல் கரையத் தொடங்கும். ஃபுளோரைடு சேர்ந்த படிகம் ஏறக்குறைய 4.5 வரை தாங்கும்.

இதே பொருள் குடிநீரில் மிகுந்தால் நஞ்சு. இந்தியாவில் இந்த நோயை முதலில் கண்டறிந்தது நம் ஆந்திரத்தில்தான். அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் பொதிலி, தர்சி, கனிகிரி வட்டாரங்களில் மக்களின் பல்லும் எலும்பும் கெட்டிருப்பதற்குக் கிணற்று நீரிலுள்ள ஃபுளோரைடே காரணம் என்று ஷார்ட் முதலான மருத்துவர்கள் 1937ல் எழுதினார்கள். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை இருக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. இராயலசீமைப் பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்பவர்கள் அதைப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. நீர் வற்றுவதால் செறிவு கூடும்.

நீரில் அளவு மிகுதியாக இருக்கிறதென்று தெரிந்தால் முதலில் தண்ணீரை மாற்றுங்கள். பற்பசை விஷயத்தில் குழந்தைக்கு எது என்று மருத்துவரைக் கேளுங்கள். பசை துப்புவதற்கு, தண்ணீர் விழுங்குவதற்கு. இரண்டும் ஒன்றல்ல.

எலும்போடு ஒட்டிய கண்ணாடி

1967ல் அமெரிக்காவில் லாரி ஹெஞ்ச் என்னும் பொருளறிவியல் பேராசிரியர் ஒரு மாநாட்டுக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தார். பக்கத்தில் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய இராணுவ அதிகாரி ஒருவர். காயம்பட்ட வீரர்களின் உடம்பு, உள்ளே வைக்கும் உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் ஏற்க மறுக்கிறதே, ஏற்கக்கூடிய பொருளை உங்களால் செய்ய முடியாதா என்று அவர் கேட்டாராம். அந்தக் கேள்வியின் விளைவாக 1969ல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் பயோகிளாஸ் பிறந்தது.

ஜன்னல் கண்ணாடியில் சிலிக்கா 70 சதவீதத்துக்கு மேல் இருக்கும். அதனால் அது மழையிலும் வெயிலிலும் அசையாமல் நிற்கிறது. ஹெஞ்ச் செய்த கண்ணாடியில் சிலிக்கா 45 சதவீதம்தான். சோடியம் ஆக்சைடு 24.5, கால்சியம் ஆக்சைடு 24.5, பாஸ்பரஸ் ஆக்சைடு 6. ஈரம் பட்டால் இது சும்மா இராது. சோடியம் வெளியேறும், சுற்றிலும் காரத்தன்மை ஏறும், கால்சியமும் பாஸ்பேட்டும் கசியும், மேற்பரப்பில் எலும்புத் தாதுவை ஒத்த ஒரு படலம் உருவாகும்.

இந்தக் கண்ணாடியை மிக நுண்ணிய பொடியாக்கிப் பற்பசையில் சேர்த்தார்கள். ட்யூபின் பின்புறத்தில் 'கால்சியம் சோடியம் பாஸ்போசிலிகேட்' என்று இருந்தால் அது இதுதான். ஈறு தேய்ந்து டென்டின் வெளிப்பட்டவர்களுக்குக் குளிர்ந்த நீர் பட்டால் சுளீர் என்று கூசும். டென்டினிலுள்ள நுண்குழாய்களின் வாயை இப்பொடி அடைப்பதால் கூச்சம் குறைகிறது. இதில் நல்ல பலன் தெரிகிறது. சொத்தையைத் தடுப்பதில் ஃபுளோரைடுக்கு உள்ள அளவு சான்று இதற்கு இன்னும் இல்லை. ஆகவே கூச்சம் உள்ளவர்கள் இதற்குச் செலவு செய்யலாம். மற்றவர்கள் விளம்பரத்தைக் கண்டு ஓட வேண்டியதில்லை.

பாலிலிருந்து ஒரு பசை

பாலில் கால்சியம் மிகுதி. ஆனாலும் அது கல்லாகப் படியாமல் மிதந்துகொண்டிருக்கிறது. கேசின் என்னும் பால் புரதம் அதைத் தாங்கிப் பிடித்திருப்பதே காரணம். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் எரிக் ரெனால்ட்ஸ் குழுவினர் அந்தப் புரதத்தின் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்து, கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் அதன்மேல் ஏற்றிப் பல்லுக்குக் கொண்டுசெல்லும் வழியைக் கண்டார்கள். மருத்துவர்கள் இதை வெள்ளைப் புள்ளிகளுக்கும், பல் வரிசைக் கம்பி கட்டிக் கழற்றிய பிள்ளைகளுக்கும் எழுதித் தருவதுண்டு. ஃபுளோரைடு பசைக்குத் துணையாக இது நிற்கும், அதற்கு மாற்றாகாது. பால் புரதம் ஒவ்வாதவர்கள் இதைத் தொடக் கூடாது.

பல்லுக்குள் சிமென்ட்

பெங்களூரிலிருந்து என் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தபோது, கடைவாய்ப்பல்லில் ஆழமான குழி தெரிந்தது. வயது எட்டு. "பால் பல்தானே அப்பா, விழுந்து முளைக்கும்" என்றாள் என் மகள். சித்தூரில் ஒரு பல் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அவர் பார்த்துவிட்டு, "இது விழுந்து முளைக்கிற பல் இல்லைங்க. ஆறு வயதில் வந்த நிரந்தரப் பல். இனிமேல் இந்த இடத்தில் வேறு பல் வராது" என்றார். பற்கூழ் இன்னும் உயிரோடு இருந்தது. குழியைச் சுத்தம் செய்து, வெள்ளைப் பொடி ஒன்றைக் குழைத்து அடியில் வைத்தார். என்னவென்று கேட்டேன். "டிரைகால்சியம் சிலிகேட்" என்றார்.

எனக்கு வியப்புத் தாளவில்லை! போர்ட்லண்ட் சிமென்டின் முக்கியமான கூறு அதுதான். கலிபோர்னியாவில் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தோராபினெஜாத் குழுவினர் 1993ல் எம்.டி.ஏ. என்னும் பல் சிமென்டைப் பற்றி எழுதினார்கள். அதில் முக்கால் பங்கு போர்ட்லண்ட் சிமென்ட் வகைதான். எக்ஸ்ரேயில் தெரிவதற்காகப் பிஸ்மத் ஆக்சைடும் கொஞ்சம் ஜிப்சமும் சேர்ந்தவை. அது இறுக இரண்டரை மணி நேரத்துக்கு மேலாகும். பின்னால் வந்த தூய டிரைகால்சியம் சிலிகேட் வகையில் சுமார் 12 நிமிடத்தில் இறுகுவதும் உண்டு.

சிமென்டில் தண்ணீர் சேர்ந்தால் அது இறுகுவதோடு கால்சியம் ஹைட்ராக்சைடையும் வெளிவிடும். அதாவது நீற்றிய சுண்ணாம்பு. பாலத்தில் அந்தக் காரத்தன்மைதான் உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. பல்லுக்குள் அதுவே கிருமிகளை அடக்கி, உயிருள்ள பற்கூழைத் தூண்டுகிறது. பற்கூழ் தன் தலைக்கு மேல் டென்டினால் ஒரு கூரை போட்டுக்கொள்கிறது. பேத்தியின் பல் பிழைத்தது. பற்கூழ் செத்திருந்தால் இந்த வழி கிடைத்திருக்காது. வேர் சிகிச்சை, அல்லது பிடுங்குதல் என்று போயிருக்கும்.

ஓர் எச்சரிக்கை. மூட்டைச் சிமென்டும் வெற்றிலைச் சுண்ணாம்பும் இதற்கு ஆகா. கட்டடச் சிமென்டில் ஆர்சனிக் போன்ற அசுத்தங்கள் இருக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பு சதையைப் பொசுக்கிவிடும். வலிக்கும் பல்லில் சுண்ணாம்பு வைக்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது, விட்டுவிடுங்கள்.

ஏழை எளியவர்க்கும் எட்டுபவை

இவை எல்லாம் பணக்காரர்களுக்குத்தானா என்று கேட்கலாம். அப்படியில்லை. லண்டனில் அரசு வேதியியல் ஆய்வகத்தில் வில்சன், கென்ட் என்ற இருவர் கண்டுபிடித்து 1972ல் வெளியிட்ட கிளாஸ் அயனோமர் சிமென்ட் நம் ஊர்களிலும் எளிதாகக் கிடைக்கிறது. அது பல்லிலுள்ள கால்சியத்தோடு தானே பிணைந்து ஒட்டும். உள்ளிருக்கும் ஃபுளோரைடைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிடும். பல் துலக்கும்போது பசையிலிருந்து மறுபடியும் ஏற்றுக்கொள்ளும். சார்ஜ் ஏற்றும் பேட்டரி போல. 1980களின் நடுவில் தான்சானியாவில், மின்சாரமும் டிரில்லும் இல்லாமல், கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி இதைக் கொண்டு அடைக்கும் முறை தொடங்கியது.

இன்னொன்று சில்வர் டயமின் ஃபுளோரைடு. சொத்தையின் மேல் ஒரு சொட்டுத் தடவினால் அது மேலும் பரவுவதைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். டிரில் கண்டு அலறும் சின்னக் குழந்தைக்கு ஏற்றது. சொத்தை உள்ள இடம் கறுத்துப்போகும் என்பதே முக்கியக் குறை. ஃபுளோரைடு பற்பசை, கிளாஸ் அயனோமர், இந்த மருந்து ஆகிய மூன்றையும் உலக சுகாதார நிறுவனம் 2021ல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. திருப்பதியில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லூரி மருத்துவமனைகளில் பொதுவாகச் செலவு குறைவு. கேட்டுப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, பால் பற்களுக்குப் பின்னால் நான்கு கடைவாய்ப்பற்கள் முளைக்கும். அவை ஆயுள் முழுவதுக்குமான பற்கள். குழந்தைக்கு ஆறு வயது ஆனதும் வாயைத் திறந்து எண்ணிப் பாருங்கள். அவற்றின் பள்ளங்களை மெழுகி மூடும் சீலன்ட் சிகிச்சை பற்றி மருத்துவரைக் கேளுங்கள்.

2. மாதம் ஒரு முறை, நல்ல வெளிச்சத்தில், பிள்ளைகளின் உதட்டைத் தூக்கி ஈறு ஓரத்தில் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள்.

3. ஃபுளோரைடு உள்ள பற்பசையால் காலையும் இரவும் துலக்க வேண்டும். இரவு தூங்கும்போது உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும். எனவே இரவுத் துலக்கல் மிக முக்கியம். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு பசை போதும். ஏழெட்டு வயது வரை பெரியவர்கள் கூட நின்று துலக்கிவிட வேண்டும்.

4. துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும். தண்ணீர் விட்டுப் பலமுறை கொப்பளித்தால் ஃபுளோரைடும் போய்விடும்.

5. செங்கல் தூள், சாம்பல், கரித்தூள், உப்புக்கல் ஆகியவை எனாமலைத் தேய்த்துவிடும். எலுமிச்சைச் சாறு, குளிர்பானம் குடித்த உடனே துலக்காமல் அரை மணி நேரம் பொறுத்திருங்கள்.

6. பால் புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்க விடாதீர்கள்.

7. வயதான நம் போன்றவர்களுக்கு ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும். வேருக்கு எனாமல் இல்லை. லேசான அமிலத்துக்கே கரையும். இரத்த அழுத்தம் முதலியவற்றுக்கான சில மாத்திரைகளால் வாய் உலர்ந்துபோவதும் உண்டு. அப்படி இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தலைப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். குழி விழும் முன்பு திரும்பும். விழுந்த பிறகு திரும்பாது. கண்ணாடியானாலும் சிமென்டானாலும் பால் பசையானாலும், பல் தன்னைக் காத்துக்கொள்ளத் துணை நிற்கின்றனவே தவிர, பராமரிப்பை நமக்காகச் செய்துவிடுவதில்லை. சொந்த ஊரைவிட்டு வந்து வாழும் நம் வீடுகளில், பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்க்கப் பல சமயம் பாட்டி, தாத்தா பக்கத்தில் இருப்பதில்லை. அந்த வேலையைப் பெற்றோரே இந்த வாரம் தொடங்கலாம். ஒரு டார்ச் விளக்கும் ஐந்து நிமிடமும் போதும்.